திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அப்பா

அந்த வீட்டுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று ஆண்களுக்கு, இன்னொன்று பெண்களுக்கு. என் மகள் ஆண்கள் வாசல் வழியாக உள்ளே போய்விட்டாள். நடந்து போகவில்லை, அவள் அப்பாவின் தோளில் தூங்கியபடியே போனாள். நான் பெண்கள் வாசலில், ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் செருப்பில்லாமலும் நின்றுகொண்டிருந்தேன்.

சுற்றிலும் பழுப்பு மலைகள். நடுவே பேரீச்சந்தோப்பு. எலுமிச்சை வாசமும், எங்கோ இறைச்சி வேகும் வாசமும் கலந்து வந்தன. ஓமன் நாட்டில் ஒரு பள்ளத்தாக்கு. பார்ப்பவர்களுக்கெல்லாம் போட்டோ எடுக்கத் தோன்றும் இடம். எனக்கு அந்த ஆண்கள் வாசலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

அப்பா தோளில் பிள்ளை தூங்குவதில் என்ன கலக்கம் என்று கேட்பீர்கள். தூங்கிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் இல்லை. விழித்துக்கொண்டால்தான் வினை.

செல்போனில் வசித்த மனிதர்

என் கணவர் செந்தில் திருச்செங்கோட்டுக்காரர். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த ஊரில் பிறக்கும் ஆண் குழந்தை தவழும்போதே, தரைக்குக் கீழே எத்தனை அடியில் தண்ணீர் என்று யோசிக்கத் தொடங்கிவிடும். போர்வெல் போடும் ரிக் வண்டிகள் அங்கிருந்து கிளம்பி இந்தியா முழுக்கத் துளை போட்டுக்கொண்டிருக்கின்றன. என் கணவர் சத்தீஸ்கரில் துளை போட்டார், மத்தியப் பிரதேசத்தில் துளை போட்டார், போகிற போக்கில் இந்தியும் கற்றுக்கொண்டார். கல்யாணமாகி, மகள் பிறந்து, அவள் குப்புற விழுவதற்கு முன்பே ஓமனில் ஒரு கம்பெனிக்கு ரிக் மேற்பார்வையாளர் தேவைப்பட்டார்.

"ரெண்டே வருசம் சாமி," என்றார் என்னிடம்.

போர் போடுகிறவர்கள் சொல்லும் ஆழக் கணக்கு மாதிரிதான் இதுவும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருக்கிறது.

நான் ராசிபுரத்துப் பெண். வேதியியலும் பி.எட்.டும் படித்துவிட்டு நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். எங்கள் மாவட்டத்தில் முட்டையும் மதிப்பெண்ணும் ஏறக்குறைய ஒரே முறையில்தான் உற்பத்தியாகின்றன. கூண்டில் அடைத்து, விளக்கை அணைக்காமல், வேளாவேளைக்குத் தீனி போட வேண்டும். அப்படி ஊரார் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகத் தேற்றிவிட்ட எனக்கு, சொந்தப் பிள்ளை விஷயத்தில் மட்டும் எதிலும் நிச்சயம் கிடையாது. பால் ஆறிவிட்டதா? ரொம்ப ஆறிவிட்டதா? தும்முகிறாளே, சளியா? தும்மவே இல்லையே, மூக்கடைப்பா?

மகிழினிக்கு அப்பா என்றால் செல்போன். சாயங்காலமானால் மணி அடிக்கும். நீள்சதுரமாக ஒரு முகம் வரும். "அப்பா" என்று கண்ணாடி முழுக்க எச்சிலாக்குவாள். பாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. அந்த அப்பா ஒருமுறை விடுமுறையில் கையும் காலுமாக வந்து நின்றபோது, போனைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடி, "அப்பா, நம்மூட்டுக்கு ஆரோ வந்துருக்காங்க" என்று போனிடம் புகார் சொன்னாள்.

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

அந்த விடுமுறை முழுக்க அவர் தூக்க வந்தாலே ஊரைக் கூட்டினாள். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: தூங்கிய பிறகு தூக்குவது. மதியம் நன்றாக அசந்து தூங்கும்போது மெதுவாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். இமை அசைந்தால் உடனே என்னிடம் கொடுத்துவிடுவார், கடையில் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்க வசதியில்லாத பொருளைத் திருப்பி வைப்பது போல.

அத்தை கொடுத்த வேலை

ஒரு மாத விசிட் விசாவில் நானும் மகளும் ஓமனுக்குக் கிளம்பியபோது, என் மாமியார் தெளிவாகச் சொல்லி அனுப்பினார்.

"ஊரச் சுத்திப் பாக்கறதெல்லாம் அப்பறம் இருக்கட்டுங் கண்ணு. புள்ள அப்பங்கிட்டப் போற மாதிரி பண்ணி உட்டுட்டு வா. எம் பையன் அங்க ஒத்தையாக் கெடக்கறான்."

பண்ணிவிட்டு வா. ஏதோ மாவு அரைத்து வைத்துவிட்டு வா என்பது போல. "சரிங்கத்தை" என்று தலையாட்டினேன். என் படிப்பிலெல்லாம் வராத தேர்ச்சி எனக்குத் தலையாட்டுவதில் உண்டு.

போகும் முன் குழந்தை வளர்ப்புக் கட்டுரைகளையெல்லாம் படித்தேன். குழந்தையை அவசரப்படுத்தக் கூடாது என்றது ஒன்று. தள்ளிப் போட்டால் ஒட்டுதலே வராது என்றது இன்னொன்று. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் கடைப்பிடித்தேன். காலையில் அவசரப்படுத்தாமல் இருந்தேன், மாலையில் பதறினேன்.

மாதம் ஓடிவிட்டது. அப்பா வாங்கி வந்த பொம்மையை மகள் ஏற்றுக்கொண்டாள். பூங்கா ஊஞ்சலை ஏற்றுக்கொண்டாள். ஐஸ்கிரீமை மிகுந்த பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டாள். அவரை மட்டும் ஏற்கவில்லை. அவர் கை நீட்டினால் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவாள். அவரும் "சரி, சரி" என்று நீட்டிய கையாலேயே தலையைச் சொறிந்துகொள்வார்.

ஊருக்குத் திரும்ப இன்னும் சில நாட்கள்தான். கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. அங்கே அதுதான் விடுமுறை நாள். "ஒரு வாதிக்குப் போயிட்டு வரலாம்," என்றார்.

வாதி என்றால் மலைகளுக்கு நடுவே போகும் பள்ளத்தாக்கு. மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் வெறும் கூழாங்கல். சில வாதிகளில் ஊற்று வற்றுவதில்லை. அங்கே தோப்பும் ஊரும் இருக்கும்.

"திடீர்னு வெள்ளம் வருமாமேங்க?"

"மழையே காணமே, வெள்ளம் எங்கிருந்து வரும்?"

"மலைக்கு அந்தப் பக்கம் பேஞ்சா?"

"அந்தப் பக்கமும் இல்ல. வாரம் பூரா நீ போன்ல அதத்தான பாத்துட்டு இருக்கற?"

உண்மைதான். எங்கள் ஊரில் மழை வருமா என்று எனக்குத் தெரியாது. ஓமன் நாட்டு வானிலை எனக்கு மனப்பாடம்.

தண்ணீர் மேலேயே ஓடும் ஊர்

ஒரு பை எடுத்துக்கொண்டேன். கொதித்து ஆறிய தண்ணீர், வெந்நீர் தனியாக ஃபிளாஸ்க்கில், உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகள், தெர்மாமீட்டர், பால் புட்டி, ராகிக் கஞ்சி மாவு, கை கழுவும் திரவம், மாற்றுடைகள், ஒரு தொப்பி, அது காற்றில் பறந்துவிட்டால் இன்னொரு தொப்பி.

"ஒட்டகத்துல பாலைவனத்தத் தாண்டுனவங்ககூட இத்தன சாமான் கொண்டு போயிருக்க மாட்டாங்க," என்றார் கணவர்.

"அவங்க புள்ளையத் தூக்கிட்டுப் போயிருக்க மாட்டாங்க," என்றேன்.

நாமக்கல் ஜில்லாக்காரிக்கு மலை என்றால் தூரத்தில் நீலமாக நிற்பது, கிட்டப் போனால் பச்சையாவது. இங்கே மலைகள் தோலுரித்த ஆடு மாதிரி நின்றன. ஒரு புல் கிடையாது. 'இதைப் பார்க்கவா பிள்ளையை வெயிலில் கூட்டி வந்தேன்' என்று நான் மனதுக்குள் தொடங்கியபோது, சாலை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியது. திரும்பியதும் பச்சை. பேரீச்சை, அதன் நிழலில் எலுமிச்சை, அதற்கும் கீழே வாழை. வாழை! கார் எங்கள் பக்கத்து வாழைத்தோட்ட ஊரான பரமத்தி வேலூருக்கே வந்துவிட்டதோ என்று இருந்தது.

தோப்புக்குள் ஒரு முழ அகலத்தில் வாய்க்கால். பளிங்குத் தண்ணீர், அதில் பொடி மீன்கள். மலை ஊற்றிலிருந்து மண்ணுக்கு அடியிலும் மேலுமாகக் கட்டிக் கொண்டு வந்து, ஒவ்வொரு தோப்புக்கும் முறை வைத்துப் பாய்ச்சுகிறார்களாம். என் கணவர் காலை அதில் விட்டுக்கொண்டு, தொழிலுக்கு வந்த கேட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நம்மூர்ல ஆயிரம் அடி ஓட்டுனாலும் புழுதிதான் பறக்குது. இங்க பாரு, சும்மா மேலாலயே ஓடியாருது. ஊரெல்லாம் இப்படி இருந்தா எங்க பொழப்பு என்னாவறது?"

"காலை எடுங்க. அந்தத் தண்ணியத்தான் குடிப்பாங்களோ என்னமோ."

சட்டென்று எடுத்தார். எனக்குப் பயம் வந்தால் அதை வீட்டில் எல்லாருக்கும் பங்கு வைத்துவிடுவேன்.

மேலே ஏறிப் போனால் பாறைகளுக்கு நடுவே குளம் குளமாகத் தண்ணீர், மயில் கழுத்து நிறத்தில். மகிழினி கல்லைப் பொறுக்கிப் போட்டாள். அவரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து ஒரு கல் போட்டார். அவள் பார்த்தாள். இன்னொன்று போட்டாள். அவர் இன்னொன்று. அவர் ஒரு முழம் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். அவள் எழுந்து வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டாள். அன்றைய ஆட்டம் அவ்வளவுதான்.

ஆடிய களைப்பில் தூங்கிப் போனாள். திரும்பி வரும் வழி முழுக்கப் பாறை. "குடு, நான் தூக்கிக்கறேன். தூங்குதுல்ல," என்றார். கொடுத்தேன். கார் வரைக்கும் என்பது எங்களுக்குள் பேசாத ஒப்பந்தம்.

ஆட்டத்தில் இல்லாத காய்

ஊருக்குள் தோப்பு வேலி ஓரமாக ஒரு பெரியவர் நின்றிருந்தார். வெள்ளை அங்கி, பூவேலை செய்த தொப்பி, கையில் மெல்லிய பிரம்பு. பெயர் கல்ஃபான் என்று பிற்பாடு தெரிந்தது. சலாம் சொன்னார். எங்களைப் பார்த்து, தூங்கும் பிள்ளையைப் பார்த்து, இந்தியில், "வீட்டுக்கு வாருங்கள், சாப்பிட்டுப் போகலாம்," என்றார்.

விருந்தோம்பலில் கொங்குநாட்டுக்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது என்று எங்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. எங்கள் பக்கத்தில் அது ஒரு குஸ்தி. "சாப்டுட்டுப் போலாமுங்க" என்று ஒருவர் பிடிக்க வேண்டும். "இல்லீங்க, இப்பத்தான் சாப்டோமுங்க" என்று மற்றவர் நழுவ வேண்டும், பசி கண்ணைக் கட்டினாலும். ராசிபுரத்தில் என் மாமா ஒருவர் விருந்தாளிகளின் செருப்பை ஒளித்து வைப்பார். அத்தனை பயிற்சியும் பெற்ற நாங்கள், முறைப்படி மறுத்தோம். இப்போதுதான் சாப்பிட்டோம். குழந்தை தூங்குகிறது. நேரமாகிவிட்டது. இன்னொரு நாள் கண்டிப்பாக வருகிறோம்.

பெரியவர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார். தலையசைத்தார். பிறகு நான் திட்டில் இறக்கி வைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

இப்படி ஒரு காய் இந்த ஆட்டத்தில் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

"ஏனுங்க, பையை எடுத்துட்டுப் போறாரு!"

"தெரியுது."

"இப்ப என்ன பண்றது?"

"பை பின்னால போக வேண்டீதுதான்."

அப்படித்தான் அந்த இரண்டு வாசல் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பெரியவர் என் கணவரை ஒரு வாசலுக்கும் என்னை இன்னொரு வாசலுக்குமாகக் கை காட்டினார். "குடுங்க," என்று நான் உதட்டை மட்டும் அசைத்தேன். என் கணவர் தன் தோளில் கிடந்த தலையைக் கண்ணால் காட்டி, எழுப்பாதே என்று சைகை செய்தார். பிள்ளை விழிக்கக் கூடாது என்றா, இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கிறேன் என்றா? இப்போதும் எனக்குத் தெரியவில்லை. அதற்குள் மருதாணிக் கை ஒன்று என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டது.

காலியானால் ஊற்றுவார்கள்

கல்ஃபானின் மனைவி மௌஸாவின் கை அது. நல்ல ஆகிருதியான அம்மா. உள்ளே தரை முழுக்கக் கம்பளம், சுவரோரம் திண்டுகள், சாம்பிராணிப் புகை. மருமகள் அஸ்மாவுக்கு என் வயதுதான் இருக்கும், பள்ளி ஆசிரியை, அழகாக ஆங்கிலம் பேசினாள். பேரீச்சம்பழத் தட்டு வந்தது. கோந்து மாதிரி ஒட்டும் அல்வா வந்தது. மூக்கு நீண்ட கூஜாவிலிருந்து மௌஸா அம்மா ஒரு சின்னக் கோப்பையில் காபி ஊற்றினார். பால் இல்லை, சர்க்கரை இல்லை, ஏலக்காய் மட்டும் ஏராளம்.

முதல் தடவையாகப் போகும் வீட்டில் கொடுத்த காபியை மிச்சம் வைத்தால் அந்த வீட்டை அவமதிப்பதாக அர்த்தம் என்று வளர்க்கப்பட்டவள் நான். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அந்த அம்மா ஊற்றினார். குடித்தேன். ஊற்றினார். குடித்தேன். யார் முதலில் ஓய்கிறார்கள் என்பது போல இருவரும் புன்னகை மாறாமல் தொடர்ந்தோம். நெஞ்சு தடதடக்க ஆரம்பித்த பிறகு அஸ்மா என் காதருகே குனிந்து, "போதும் என்றால் கோப்பையை இப்படி லேசாக ஆட்ட வேண்டும்," என்று செய்து காட்டினாள்.

"முதலிலேயே சொல்லியிருக்கலாமே?"

"உங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று அத்தைக்கு ஒரே சந்தோஷம். அதைக் கெடுக்க மனம் வரவில்லை."

மாமியாரின் சந்தோஷத்தைக் கெடுக்காத மருமகள். எங்கே போனாலும் நம் இனத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

என் காது மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆண்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டன. இவ்வளவு சத்தத்தில் எப்படித் தூங்குவாள்? விழித்தால் முதலில் எதைப் பார்ப்பாள்? தாடி. அடுத்து? அவள் ஏற்றுக்கொள்ளாத அப்பா. பால் புட்டி இருக்கும் பையும் அந்தப் பக்கம்தான்.

"ஏன் அந்தப் பக்கமே பார்க்கிறீர்கள்?" என்றாள் அஸ்மா.

"என் மகள்..."

"அப்பாவோடுதானே இருக்கிறாள்?"

"ஆமாம், அப்பாவோடுதான்," என்றேன். வெளியில் சொல்லிக் கேட்கும்போது எவ்வளவு சாதாரணமான வாக்கியம்.

எழுந்து போய் வாங்கி வந்துவிடலாம். ஆனால் அது ஆண்கள் கூடம். அரபு நாட்டு வழக்கம். நான் உள்ளே போனால் இவர் மானம் போகும், பெரியவர் முகம் சுருங்கும், என்னென்னமோ ஆகும். வழக்கம் தெரியாத இந்தியப் பெண் என்று பெயர் வாங்குவதா? திண்டில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது "அம்மா!" என்று கேட்டது.

தேர்வு முடிவு

கோப்பை கவிழ்ந்தது. இரண்டு கூடங்களுக்கும் நடுவே ஒரு நடைவழி, அதன் முடிவில் கனத்த திரைச்சீலை. அதுவரை ஓடினேன். அதற்கு மேல் கால் வரவில்லை. சீலை விலகிய இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

நான்கைந்து ஆண்கள். நடுவில் பெரிய தாம்பாளத்தில் சோறு, மேலே ஆட்டுக்கறி. என் கணவர் மடியில் மகிழினி நிமிர்ந்து உட்கார்ந்து அலறிக்கொண்டிருந்தாள். தன்னைப் பிடித்திருப்பது யார் என்று திரும்பிப் பார்த்தாள். அலறல் இரண்டு மடங்கானது.

அவர் அவளை இரண்டு கையாலும் மடியிலிருந்து கொஞ்சம் தூக்கி, யாரிடம் கொடுப்பது என்று சுற்றிலும் பார்த்தார். என்னைத் தேடினார். நான் இருந்தது ஒரு சீலைக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில். ஒரு எட்டு வைத்திருந்தால் அவள் என்னிடம் தாவியிருப்பாள், எல்லாம் வழக்கம் போல முடிந்திருக்கும். நான் வைக்கவில்லை. அந்த நேரத்தில் ஏதோ யோசித்துத்தான் நின்றேன் என்று பிற்பாடு சிலரிடம் பெருமையடித்திருக்கிறேன். அது பொய். வெறும் கூச்சம்.

அடுத்து விருந்தோம்பல் ஆரம்பித்தது. பெரியவர் அல்வாவை நீட்டினார். அவள் பின்னால் நகர்ந்தாள். நெஞ்சு வரை வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் கை தட்டிக் கூப்பிட்டார். இன்னும் நகர்ந்தாள். பெரியவரின் மகன் ஆடு மாதிரி கத்திக் காட்டினார், பாவம், நன்றாகவே கத்தினார். ஒவ்வொருவரும் அன்பாக நெருங்க நெருங்க, அவள் முதுகு என் கணவரின் நெஞ்சில் போய் அழுந்தியது. இனி நகர இடமில்லை என்றானதும், அப்படியே திரும்பி, அவர் சட்டைக் காலரைப் பிடித்து ஏறி, கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அந்தக் கூடத்தில் இருந்த முகங்களில் ஆபத்துக் குறைந்தது எது என்று ஒரு தேர்வு நடந்தது. என் கணவர் தேறிவிட்டார். மற்ற எல்லாரும் தோற்றதால் கிடைத்த தேர்ச்சிதான். தேர்ச்சி தேர்ச்சிதானே.

அவர் கை அவள் முதுகுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. வைத்தால் கத்துவாளோ என்று பயம். பிறகு மெதுவாக இறங்கியது.

"ஒண்ணுமில்ல சாமி. ஒண்ணுமில்ல. அப்பன் இருக்கறன்ல."

ரிக் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே பழகிய தொண்டை. இவ்வளவு சின்னக் குரல் அதற்குள் இருப்பது எனக்கே தெரியாது. அவள் அழுதாள். ஆனால் தப்பித்து ஓட அழும் அழுகை எனக்குத் தெரியும். இது அது இல்லை. அவர் சட்டைக்குள்ளேயே அழுதாள், விம்மினாள், கொஞ்ச நேரத்தில் ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டுத் தாம்பாளத்தைப் பார்த்தாள்.

அவர் கறியை நார் நாராகப் பிய்த்து, ஊதி, சோற்றோடு நீட்டினார். வாய் திறந்தது. கை கழுவினாரா? காரமாக இருக்குமே? எலும்பு இருந்தால்? திரைச்சீலையைக் கசக்கிக்கொண்டு நின்றேன். ஒரு வாய் கஞ்சிக்கு என்னை வீடு முழுக்க ஓடவைக்கும் பிள்ளை, அடுத்த வாய்க்கு அவர் தாடையைத் தட்டினாள்.

"ஏன் இங்கேயே நிற்கிறீர்கள்?" பின்னால் அஸ்மா. "உள்ளே போங்கள்."

"போகலாமா?"

"ஏன் போகக் கூடாது? நீங்கள் விருந்தாளி. உங்கள் கணவர், உங்கள் பிள்ளை."

"பெண்கள் போகக் கூடாது, உங்கள் வழக்கம் என்று நினைத்தேன்."

"நாங்கள் தனியாக உட்கார்வது எங்கள் சௌகரியத்துக்கு. நீங்கள் போனால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்?" என்றவள், உண்மையான ஆர்வத்தோடு கேட்டாள்: "உங்கள் ஊரில் போக மாட்டீர்களா?"

யோசித்துப் பார்த்தேன். திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தால் நான் சமையலறைக் கதவோடு நின்றுவிடுவேன். காபித் தட்டை அங்கிருந்தே நீட்டுவேன். போகக் கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அத்தையின் ஒரு பார்வை போதும். எம்.எஸ்சி. படித்தவள், பார்வையைப் படிக்கத் தெரியாதா? அந்த வழக்கத்தைத்தான் கடல் தாண்டிக் கொண்டுவந்து, கல்ஃபான் வீட்டுத் திரைச்சீலையில் மாட்டி, பழியை அரபு நாட்டின் மேல் போட்டிருந்தேன்.

இப்போது போகலாம் என்று தெரிந்துவிட்டது. உள்ளே அவள் மென்றுகொண்டிருந்தாள். நான் திரும்பிப் போய்ப் பெண்களோடு சாப்பிட உட்கார்ந்தேன்.

அப்புறம்

விடைபெறும்போது, ஒரு கூடை எலுமிச்சையும் ஒரு டப்பா பேரீச்சையும் காரில் ஏறின. மறுத்துப் பார்க்கக்கூட நாங்கள் துணியவில்லை. வாசலில் நான் கை நீட்டினேன். "வா தங்கம்." மகிழினி என்னைப் பார்த்தாள். அப்பாவின் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொண்டு, "நீ போ," என்றாள்.

ஒரு மாதமாக வேண்டிக்கொண்டது இதைத்தான். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டேன்.

அன்று மாலை அத்தைக்குப் போனில் செய்தி சொன்னேன். "பாத்தியா, நாஞ் சொன்ன மாதிரியே பண்ணிப்புட்ட!" என்றார். என் தேர்ச்சியில் பாதி மதிப்பெண் அவருக்குப் போனது.

மிச்சமிருந்த நாட்களில் என் கணவர் குளிக்கப் போனால் மகள் குளியலறைக் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குக் கிளம்பினால் காலைக் கட்டிக்கொண்டாள். எனக்கோ புதுக் கவலை. முன்பென்றால் கையாட்டிவிட்டு விமானம் ஏறியிருப்பாள். இவளுக்கு அப்பாவைப் பழக்கிவிட்டதே தப்போ?

விமான நிலையத்தில், அவர் அதற்கு மேல் வர முடியாது என்ற இடத்தில், அவள் விரல்களை அவர் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். அந்த அழுகைக்கு வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்படி அழுவறாளே. பழையபடியே கூட்டிட்டுப் போயிருந்தா நல்லா இருந்திருக்குமோ என்னமோங்க," என்றேன்.

"அழுவட்டும் உடு," என்றார். "எனக்கோசரம் இப்பத்தான மொதத் தடவையா அழுவுது."

சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டு, கார் சாவியைத் தேடுவது போல சட்டைப்பை, பேன்ட்டுப்பை எல்லாவற்றையும் துழாவ ஆரம்பித்தார். சாவி அவர் கையிலேயே இருந்தது.